முதல் லிட்டரின் கணக்கு

கல்லீரல் திடீரென்று செயலிழந்த நோயாளி ஒருவருக்கு ஒரே நாளில் 8 முதல் 12 லிட்டர் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தானமாக வந்த பிளாஸ்மாவை ஏற்றுவது, அதையே மூன்று நாள் தொடர்ந்து செய்வது: இது டென்மார்க்கின் கோபன்ஹேகன் மருத்துவர்கள் வகுத்த முறை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அதே நிலையில் வருகிற நோயாளிக்கு ஒரு தடவையில் மாற்றப்படுவது, அவர் உடலில் உள்ள பிளாஸ்மாவில் ஏறக்குறையப் பாதி. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒன்றேகால் லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கேட்டதும் ‘இல்லாத ஊருக்கு இவ்வளவுதான்’ என்று தோன்றும். அப்படித் தோன்றுவது நியாயம்தான், ஆனால் முழு உண்மை அல்ல. அந்தப் பாதிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

ரத்தத்தைச் சோதனைக் குழாயில் உறையாமல் நிற்க வைத்தால் சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. ரத்தத்தின் கன அளவில் சுமார் 55 சதவீதம் இதுதான். இதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதியில்தான் விஷயம் இருக்கிறது: நீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்து வைக்கும் அல்புமின், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள், கிருமிகளை அடையாளம் காணும் எதிர்ப்புரதங்கள். சில நோய்களில் இந்த எதிர்ப்புரதங்களே நம் நரம்பை, தசையை, சிறுநீரகத்தை எதிரி என்று எண்ணித் தாக்கும். தவறு செய்கிற புரதம் பிளாஸ்மாவில் மிதக்கிறது என்றால் பிளாஸ்மாவையே எடுத்துவிடலாமே என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை யோசனை. மருத்துவர்கள் சுருக்கமாக ‘ப்ளெக்ஸ்’ என்கிறார்கள். ஐ.சி.யு. வாசலில் நிற்கும் உறவினர்கள் ‘ரத்தம் மாத்துறாங்க’ என்கிறார்கள், அல்லது ‘டயாலிசிஸ் மாதிரி’ என்கிறார்கள்.

டயாலிசிஸ் மாதிரி அல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சுலபமாகப் புரியும். தோல் பதனிடும் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரிலிருந்து வண்டலைப் பிரிக்கிறார்கள், பிறகு சவ்வின் வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கிறார்கள். தண்ணீர் மிஞ்சுகிறது, திரும்பப் பயன்படுகிறது. டயாலிசிஸ் இந்த வகை: யூரியா போன்ற சிறு மூலக்கூறுகள் சவ்வின் துளை வழியே போய்விடும், மற்றவை தங்கும். எதிர்ப்புரதம் அந்தத் துளைக்குள் நுழையாது. அது யூரியாவைவிட 2,000 மடங்குக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு. ஆகவே பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை எதையும் சுத்திகரிப்பதில்லை. நல்லதும் கெட்டதுமாகச் சேர்ந்தே பிளாஸ்மா வெளியே போகிறது, பையில் கட்டி மருத்துவக் கழிவாக அனுப்பப்படுகிறது. ரத்த அணுக்கள் மட்டும் நோயாளியிடம் திரும்புகின்றன.

இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிமையானதுதான். கழுத்திலோ தொடை இடுக்கிலோ பெரிய ரத்தநாளத்தில் இரட்டைக் குழாய் ஒன்றைச் செருகுகிறார்கள். ஒரு வழியில் ரத்தம் வெளியே வருகிறது. இயந்திரத்துக்குள் வேகமாகச் சுழலும் கிண்ணத்தில் கனமான அணுக்கள் விளிம்புக்கு ஒதுங்க, பிளாஸ்மா உட்பக்கம் நிற்கிறது; அதை உறிஞ்சிவிட்டு, அணுக்களோடு மாற்றுத் திரவத்தைக் கலந்து இன்னொரு வழியில் உடலுக்குள் அனுப்புகிறார்கள். சுழலும் இயந்திரம் இல்லாத இடங்களில் டயாலிசிஸ் இயந்திரத்திலேயே பெரிய துளைகள் கொண்ட பிளாஸ்மா வடிகட்டியைப் பொருத்திச் செய்வதும் உண்டு. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார்.

வெளியே வந்த ரத்தம் குழாய்க்குள் உறைந்துவிடாமல் இருக்கச் சிட்ரேட் சேர்க்கிறார்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. அந்தச் சிட்ரேட்டில் கொஞ்சம் உடலுக்குள்ளும் போகும் என்பதால் நோயாளிக்கு உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல் நுனிகள் குறுகுறுக்கும். ‘உதடு எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதா?’ என்று செவிலியர் அடிக்கடி கேட்பது நலம் விசாரிப்பதற்காக அல்ல. ஆமாம் என்றால் கால்சியம் ஏற்ற வேண்டும். சொல்லாமல் அடக்கிக்கொள்கிறவர்களுக்குத்தான் கைகால் இழுத்துக்கொள்வது வரை போகும்.

ஒருவர் உடலில் எவ்வளவு பிளாஸ்மா இருக்கிறது என்று அளந்து பார்ப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். உடல் எடையை 0.065-ஆல் பெருக்கினால் மொத்த ரத்தம் லிட்டரில் வரும். அதில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கைக் கழித்தால் மிச்சம் பிளாஸ்மா. 60 கிலோ எடை, சிவப்பணுக்களின் பங்கு 40 சதவீதம் என்றால் 2.34 லிட்டர். ரத்தசோகை உள்ள, 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குக் காலையில் வேன் ஏறிப் போகிற பெண்களில் இப்படிப்பட்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவருக்குச் சிவப்பணுக்களின் பங்கு 27 சதவீதம் என்றால் பிளாஸ்மா 2.37 லிட்டர். பத்துக் கிலோ குறைவான உடலில் அதே அளவு பிளாஸ்மா! எடையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை குறைந்துபோகும்.

இனி எவ்வளவு மாற்றுவது என்ற கேள்விக்கு வரலாம். பிளாஸ்மாவை எடுக்க எடுக்கவே மாற்றுத் திரவம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே சிறிது நேரத்துக்குப் பிறகு நாம் வெளியே எடுப்பது பழைய பிளாஸ்மா மட்டுமல்ல, சற்றுமுன் ஏற்றியதும் அதில் கலந்து வருகிறது. உடலில் உள்ள அளவுக்குச் சமமாக ஒரு மடங்கு மாற்றினால் வேண்டாத பொருளில் 63 சதவீதம் போகும், 100 அல்ல. ஒன்றரை மடங்குக்கு 78. இரண்டு மடங்குக்கு 86. நான்கு மடங்கு மாற்றினால்தான் 98-ஐத் தொடலாம். பாதி மடங்கு மாற்றினாலே 39 சதவீதம் போய்விடும்.

கோபன்ஹேகன் அளவையும் வேலூர் அளவையும் இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே உடல் எடையில் 15 சதவீதம், அதாவது 60 கிலோவுக்கு 9 லிட்டர். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இங்கே அரை மடங்கு. செலவாகும் பிளாஸ்மா எட்டு மடங்கு வித்தியாசப்படுகிறது, நீங்கும் பொருளோ இரண்டரை மடங்குதான். முதல் லிட்டர் செய்கிற வேலையை ஒன்பதாவது லிட்டர் செய்வதில்லை. தானமாக வரும் ஒரு ரத்தப் பையிலிருந்து சுமார் 200 மில்லிலிட்டர் பிளாஸ்மா கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 9 லிட்டருக்கு 45 பேர் கொடுக்க வேண்டும், மூன்று நாளுக்கு 135 பேர். அரை மடங்குக்கு ஒரு நாளைக்கு 6 பேர். ஒரு நோயாளிக்கு 135 பேர் என்பது பல ஊர்களின் ரத்த வங்கியில் அலமாரியையே காலி செய்துவிடும்.

வேலூரில் இந்தக் கணக்கு எழுந்ததற்கு ஒரு வேதனையான காரணம் உண்டு. தமிழ்நாட்டில் எலி மருந்து உட்கொண்டு கல்லீரல் பாதிக்கப்பட்டு வருகிறவர்கள் அதிகம், பெரும்பாலும் இளம் வயதினர். 2019-ன் முதல் ஆறு மாதங்களில் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று தமிழ்நாட்டு இரைப்பைக் குடலியல் மருத்துவர்கள் சேர்ந்து மாநில அளவில் கணக்கெடுத்தார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த வகைதான் இதில் மோசமானது. முதல் ஓரிரு நாள் வாந்தி, வயிற்றுவலி. பிறகு ஒன்றுமில்லாதது போலத் தெளிவு. அதன் பின்னரே மஞ்சள் காமாலை, ரத்தம் உறையாமை, நினைவு மங்கல். நடுவில் வரும் அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள்தான் கைமீறிய நிலையில் வந்து சேர்கிறார்கள். குழந்தை தவறுதலாக வாயில் வைத்தாலும் சரி, பெரியவர் மனமுடைந்து எடுத்தாலும் சரி, அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறார் என்பது ஒரு அடையாளமே அல்ல. இதற்கு முறிமருந்து கிடையாது. மனம் தாங்காத நேரத்தில் பேச 14416 என்ற டெலி-மனஸ் எண்ணும் தமிழக அரசின் 104-ம் நாள் முழுக்கத் திறந்திருக்கின்றன. இந்த வகை எலி மருந்துக்குத் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது. தடைக்குப் பிறகும் பழைய சரக்கு எங்கெங்கே கிடக்கிறதோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

கல்லீரல் முழுவதும் கெட்டுவிட்டால் மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்பது பாடப்புத்தகம். இரண்டு மூன்று நாளுக்குள் கொடையாளி வேண்டும், பல லட்சம் ரூபாய் வேண்டும். தோல் ஷாப்பில் கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு இந்த இரண்டில் ஒன்றுகூட அமைவது அரிது. அப்படிப்பட்டவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் சி.இ. ஈப்பன் முதலானோர் அடங்கிய சி.எம்.சி. கல்லீரல் துறை குறைந்த அளவு பிளாஸ்மா மாற்றத்துக்கு வந்து சேர்ந்தது, கூடவே குறைந்த அளவு ஸ்டீராய்டும்.

அவர்கள் கவனம் வைத்தது பாஸ்பரஸ் மீது அல்ல. கல்லீரல் செயலிழந்த நேரத்தில் பாஸ்பரஸ் தன் வேலையை முடித்துவிட்டிருக்கும். பிளாஸ்மாவை மாற்றி அதைப் பிடிக்க முடியாது. அவர்கள் பார்த்தது வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம். பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-ல் ஓலாந்துத் தீவுக் குடும்பம் ஒன்றில் கண்ட ரத்தப்போக்கு நோயை எழுதினார். அந்த நோயில் குறைவது இந்தப் புரதம்தான், அதனால் அவர் பெயர். ரத்தக்குழாய்ச் சுவரில் காயம் பட்டால் தட்டணுக்களை அங்கே ஒட்டவைப்பது இதன் வேலை. நீண்ட இழையாக உற்பத்தியாகும். அப்படியே விட்டால் காயமில்லாத இடத்திலும் தட்டணுக்களைத் திரட்டி நுண்குழாய்களை அடைத்துவிடும் என்பதால், அடாம்ட்ஸ்-13 என்ற நொதி அதைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருக்கிறது. கல்லீரல் திடீரெனச் செயலிழக்கும்போது இழை பெருகுகிறது, வெட்டும் நொதி குறைகிறது. கல்லீரலின் நுண்குழாய்கள் அடைபட்டு, பிழைத்திருக்கக்கூடிய செல்களும் ரத்தமின்றிப் போகின்றன என்பது வேலூர்க் குழுவின் வாதம். இந்தப் புரதத்தின் அளவு யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதை முன்கூட்டிக் காட்டுகிறது என்றும் அவர்கள் வெளியிட்டார்கள். பிளாஸ்மாவை மாற்றினால் இரண்டு காரியம் நடக்கும்: பெருகிய இழையில் ஒரு பகுதி போகிறது, தானப் பிளாஸ்மாவோடு புதிய நொதி வருகிறது. கல்லீரலுக்குத் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் உண்டு. அதற்குச் சில நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்தால் போதும்.

எதிர்பார்த்ததைவிடக் கூடுதலானோர் பிழைத்தார்கள் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். கோபன்ஹேகனின் ஃபின் ஸ்டோல்சே லார்சன் குழு 2016-ல் வெளியிட்டது, 182 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் போல இரு பிரிவாக்கிச் செய்த ஒப்பீடு: பிளாஸ்மா மாற்றியவர்களில் 58.7 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள், மாற்றாதவர்களில் 47.8 சதவீதம். வேலூரின் சான்றுகள் பெரும்பாலும் வந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்தவை. இரண்டும் ஒரே தராசில் நிற்காது. என்றாலும் 135 பேரின் பிளாஸ்மா கிடைக்கிறவரை கைகட்டி நிற்பதும் விஞ்ஞானம் அல்லவே! கிடைப்பதை வைத்துச் செய்து, செய்ததை எழுதி வைத்து, இழையின் அளவைச் சோதித்துப் பார்த்து நகர்ந்தது என்னைக் கவர்கிறது.

அடாம்ட்ஸ்-13 பற்றிய புரிதல் வேறொரு நோயிலிருந்து வந்தது. 1924-ல் நியூயார்க்கில் எலி மோஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர், இறந்துபோன 16 வயதுப் பெண்ணின் நுண்குழாய்களில் உறைகட்டிகளைக் கண்டார். பின்னாளில் டி.டி.பி. என்று பெயர் பெற்ற இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்துகொண்டிருந்தார்கள். 1991-ல் கனடாவில் 102 நோயாளிகளில், பாதிப் பேருக்குப் பிளாஸ்மாவை ஏற்ற மட்டும் செய்தார்கள், பாதிப் பேருக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து உயிரோடிருந்தவர்கள் முறையே 63, 78 சதவீதம். நோய்க்குக் காரணம் அந்த நொதியை எதிர்ப்புரதம் முடக்குவதுதான் என்பது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே தெளிவானது. சிகிச்சை முன்னால் போக, காரணம் பின்னால் வந்தது. இன்றைக்கும் டி.டி.பி. என்று சந்தேகம் வந்தால், நொதிச் சோதனையின் முடிவு வரும்வரை காத்திராமல் அன்றே பிளாஸ்மாவை மாற்றத் தொடங்குகிறார்கள்.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை அதிகம் நடப்பது நரம்பு நோய்களுக்கு. கில்லன்-பாரி நோயை 1916-ல் இரு பிரெஞ்சு மருத்துவர்களும் அவர்களின் சகாவான ஸ்ட்ரோலும் போர்க்களச் சிப்பாய்கள் இருவரிடம் விவரித்தார்கள். காலிலிருந்து தொடங்கி மேலே ஏறும் பலவீனம், சிலருக்கு மூச்சுத் தசை வரை போய் வென்டிலேட்டரில் கொண்டு விடும். 2025 ஜனவரியில் புனேயில் ஒரே சமயத்தில் 200-க்கும் மேற்பட்டோருக்கு இது வந்தது நினைவிருக்கலாம். வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபாக்டர் என்ற கிருமியையும் அசுத்தமான குடிநீரையும் சுட்டிக்காட்டினார்கள். கிருமியின் மேலுறை நரம்பு உறையைப் போலவே இருப்பதால், கிருமிக்கென்று உருவான எதிர்ப்புரதம் நரம்பையும் தாக்கிவிடுகிறது. 1985-ல் வட அமெரிக்காவில் 245 பேரிடம் நடந்த ஆய்வில், பிளாஸ்மா மாற்றியவர்கள் துணையின்றி நடக்கச் சராசரியாக 53 நாள் ஆயிற்று, மாற்றாதவர்களுக்கு 85 நாள். 1992-ல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று, நோயில்லாதவர்களின் எதிர்ப்புரதத்தை ஊசியாக ஏற்றும் ஐ.வி.ஐ.ஜி.யும் அதே பலனைத் தரும் என்று காட்டியது. ஊசி சுலபம், குழாய் போட வேண்டாம், விலைதான் சிக்கல். 60 கிலோ நோயாளிக்கு 120 கிராம் வேண்டும், அது பல லட்சத்தில் போய் நிற்கும். பிளாஸ்மா மாற்றம் அதில் ஒரு பங்குதான்.

கில்லன்-பாரிக்கு நாள் விட்டு நாள் நான்கைந்து தடவை செய்வார்கள். ஒரேயடியாகச் செய்து முடித்துவிடலாமே என்றால் முடியாது: ரத்தக்குழாய்க்குள் இருக்கும் எதிர்ப்புரதம் உடலின் மொத்தத்தில் பாதிக்கும் குறைவு, மீதி திசுக்களில் ஒதுங்கியிருக்கிறது. ரத்தத்தைக் காலி செய்தால் அது மெல்லக் கசிந்து வந்து நிரப்பும். ஒரு நாள் விட்டு எடுத்தால்தான் அதையும் பிடிக்கலாம். நரம்பு நோய்களில் மாற்றுத் திரவம் பெரும்பாலும் அல்புமின், கல்லீரலுக்கும் டி.டி.பி.க்கும் உறைபுரதங்களும் நொதியும் வேண்டும் என்பதால் தானப் பிளாஸ்மாவேதான்.

செலவைக் குறைப்பதில் டாக்காவில் இன்னும் ஒரு படி போனார்கள். இயந்திரமே இல்லாமல், நோயாளியின் ரத்தத்தைப் பையில் எடுத்துத் தொங்கவிட்டு, சிவப்பணுக்கள் தம் எடையால் கீழே இறங்கியதும் மேலே தெளிந்த பிளாஸ்மாவை அப்புறப்படுத்தி, அணுக்களை மட்டும் திருப்பிச் செலுத்தினார்கள். இதை நாளுக்குப் பல தடவை, எட்டு நாள். 20 கில்லன்-பாரி நோயாளிகளிடம் முதலில் பாதுகாப்பை மட்டும் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். மொத்தச் செலவு சுமார் 500 டாலர். சோதனைக் குழாயில் தெளிந்த அதே மஞ்சள் நீர், அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

எதற்கெல்லாம் இது கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘உடலின் நச்சை நீக்குகிறோம்’, ‘இளமையைத் திருப்புகிறோம்’ என்று வசதிபடைத்தவர்களுக்குப் பிளாஸ்மா மாற்றித் தரும் நிலையங்கள் உலகெங்கும் முளைக்கின்றன. எந்தப் புரதத்தை நீக்குகிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. சும்மா செய்துபார்க்கிற விஷயம் அல்ல இது: கழுத்துக் குழாயில் கிருமி ஏறலாம், ரத்த அழுத்தம் சரியலாம், தானப் பிளாஸ்மா ஒவ்வாமையாகி நுரையீரல் வரை பாதிக்கலாம், அல்புமின் மட்டும் ஏற்றினால் உறைபுரதங்கள் இரண்டு மூன்று நாள் குறைந்து கிடக்கும். ரத்தக்கொதிப்புக்கான ‘பிரில்’ என்று முடியும் மாத்திரைகளை முந்தின நாளே நிறுத்தச் சொல்வதும் உண்டு. அல்புமினோடு சேர்ந்து அவை அழுத்தத்தைப் படுபாதாளத்துக்குத் தள்ளலாம். 2020-ல் கொரோனா நேரத்தில் பேசப்பட்ட ‘பிளாஸ்மா தெரபி’ வேறு சமாச்சாரம். அது குணமானவர்களின் பிளாஸ்மாவை ஏற்றுவது மட்டும், மாற்றுவது அல்ல. 464 நோயாளிகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில் அது பலனளிக்கவும் இல்லை.

வேலூரில் காந்தி ரோட்டில் நடந்தால் பலகைகள் வங்காளத்தில் எழுதியிருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று ரயிலேறி வருகிறவர்கள் லாட்ஜில் தங்கிச் சி.எம்.சி.க்கு நடக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது பிளாஸ்மா மாற்ற வேண்டியிருந்தால், ரத்தம் கொடுக்க உறவினரைத் திரட்ட முடியாது. உள்ளூர்க் கல்லூரி மாணவர்களும், வேலூரிலும் ஆம்பூரிலும் முகாமில் கை நீட்டுகிறவர்களும்தான் கொடுக்க வேண்டும். அப்போது ஒரு குழப்பம் தவறாமல் வரும். ‘நான் ஓ பாசிட்டிவ், யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாமே’ என்பார் ஒருவர். சிவப்பணுவுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி. பிளாஸ்மாவுக்குத் தலைகீழ்: ஓ வகையினரின் பிளாஸ்மாவில் ஏ-வுக்கும் பி-க்கும் எதிரான எதிர்ப்புரதங்கள் இரண்டுமே இருக்கின்றன, ஆகவே அது ஓ வகை நோயாளிக்கு மட்டும். யாருக்கும் கொடுக்கக்கூடியது ஏபி வகையின் பிளாஸ்மா. நம்மில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவர்களே அந்த வகை. பிரித்தெடுத்த பிளாஸ்மாவை உறையவைத்தால் ஓராண்டு வரை வைத்திருக்கலாம். 37 பாகையில் உருக்கிவிட்டால் குளிரில் வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும், அதனால் ஐ.சி.யு.விலிருந்து ‘குழாய் போட்டாச்சு’ என்று போன் வந்த பிறகுதான் ரத்த வங்கியில் பைகளை வெந்நீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள்.